மகப்பேறு வேண்டுவோரும் கர்ப்பப்பைச் சோதனைகளும்

(மகளிர் குழுத் தலைவியருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில், மகளிர் நோய் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் இதே பந்தலில் குடிநீரைப் பற்றியும் எருக்குழியைப் பற்றியும் பேசினார்கள். அவை ஊர் கூடி நின்று பேசக்கூடிய விஷயங்கள். நான் பேச வந்த விஷயம் அத்தகையதன்று. அது கதவை அடைத்துக்கொண்டு பேசப்படுவது. பெரும்பாலும் பேசப்படாமலேயே ஒரு பெண்ணின் தலைமேல் ஏற்றி வைக்கப்படுவது. மணமாகி இரண்டு ஆண்டு கழிந்தால் போதும், “இன்னும் ஒரு புழு பூச்சி உண்டாகவில்லையா?” என்று கிணற்றடியில் கேட்கிறார்கள். நான்கு ஆண்டு கழிந்தால் வளைகாப்புக்கு அழைக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பெயரே வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. நீங்கள் அனைவரும் அறிவீர்கள்.

அப்படிப் பெயர் வைக்கிறவர்களுள் ஒருவரேனும் அவளுடைய கர்ப்பப்பையைப் பார்த்தவர் அல்லர். ஆனால் பார்க்க முடியும். கத்தியின்றி, பல வேளைகளில் மயக்க மருந்தும் இன்றிப் பார்த்துவிடலாம். எந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது, எப்போது செய்துகொள்ள வேண்டும், எப்போது ‘போதும்’ என்று சொல்ல வேண்டும் என்பவற்றை உங்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம். உங்கள் ஊரில் இத்தகைய ஒரு பெண் முதலில் நாடி வருவது உங்களைத்தான், என்னையன்று.

சில ஆண்டுகளுக்கு முன், வானம் பார்த்த பூமியுள்ள ஒரு சிற்றூரிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்தனர். மணமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. மஞ்சள் பை ஒன்று நிறையக் காகிதங்கள் கொண்டுவந்தனர். நகரத்தில் ஒரு நிலையத்தில் இருமுறை சோதனைக் குழாய் முறைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தனர், இரண்டும் பலிக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் நிலம் அடமானத்தில் இருந்தது. மாமியாரும் கூட வந்திருந்தார். நான் காகிதங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, “மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கும், அம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“ஒரு நாள்தான், டாக்டரம்மா. அதுவும் துணியில் கறை படுகிற அளவுதான்.”

“எப்போதிலிருந்து?”

“மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து, வயிற்றைச் சுத்தம் செய்தார்களே, அதிலிருந்து.”

“அவளுக்கு உடம்பில் இரத்தம் போதாது” என்றார் மாமியார். கரு கலைந்தது மணமான இரண்டாம் ஆண்டில். ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பெண் தன் நோயின் பெயரைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், கேட்பாரில்லை. பையைத் திறந்து பார்த்தால், இரு சிகிச்சைகளின்போதும் எடுத்த ஸ்கேனில் கர்ப்பப்பையின் உட்சவ்வு 5 மில்லிமீட்டர் கனமே இருந்ததாகக் குறித்திருந்தார்கள். கரு பதிய 7 மில்லிமீட்டராவது இருப்பது நலம் என்பது பொதுவான கணக்கு. குறித்தவர்கள், ஏன் அப்படி இருக்கிறது என்று மேலே பார்க்கவில்லை. இந்தப் பெண்ணின் கதையைப் பிறகு முடிக்கிறேன்.

கர்ப்பப்பை ஏறத்தாழ ஒரு சிறு கொய்யாப்பழ அளவுள்ளது. மூன்று அங்குல நீளம் இருக்கும். தலைகீழாக வைத்த பழம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். சுவர் தடித்தது, உள்ளே இருக்கும் இடம் மிகச் சிறியது. முன்சுவரும் பின்சுவரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க, நடுவில் முக்கோண வடிவில் ஓர் இடுக்கு. முக்கோணத்தின் மேல்மூலைகள் இரண்டிலும் கருக்குழாய்கள் தொடங்குகின்றன. கீழ்மூலை கர்ப்பப்பையின் வாய். அந்த முக்கோணம் ஒழுங்காக இருக்கிறதா, அதன் மெத்தை போன்ற உட்சவ்வு நன்றாக இருக்கிறதா, மேல்மூலைகள் திறந்திருக்கின்றனவா என்பதைத்தான் எல்லாச் சோதனைகளும் ஆராய்கின்றன.

அம்முக்கோணம் கெடுவது பல வகை. சிலருக்குப் பிறவியிலேயே குறை உண்டு. தாயின் வயிற்றில் பெண் சிசு வளரும்போது இரு குழாய்கள் இணைந்தே கர்ப்பப்பை உருவாகிறது. இணைந்தபின் நடுச்சுவர் கரைந்துபோக வேண்டும். சரியாக இணையாவிட்டால் இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பை ஆகும். நடுச்சுவர் கரையாவிட்டால் உள்ளே தடுப்புச்சுவர் நின்றுவிடும். எல்லாப் பெண்களையும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இத்தகைய பிறவி மாறுபாடு ஏதோ ஒரு வகையில் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். குழந்தையில்லாதவர்களுள் ஏறக்குறைய எட்டுப் பேர். கருச்சிதைவு கண்டவர்களுள் பதின்மூன்று பேர். இவர்களுள் பலர் எந்தத் தொல்லையுமின்றிப் பிள்ளை பெற்று, பேரன் பேத்தி எடுத்து, தமக்கு அப்படி ஒன்று இருந்ததை அறியாமலேயே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது.

பிறகு வருபவை கட்டிகள். நார்க்கட்டி என்ற சொல்லைக் கேட்டவுடனே, “கர்ப்பப்பையையே எடுத்துவிடுங்கள்” என்று சொல்லும் வீடுகளைக் கண்டிருக்கிறேன். கட்டி எங்கே இருக்கிறது என்பதே முதற் கேள்வி. வீட்டுக்கு வெளியே வாசலில் ஒரு பாறை கிடந்தால் உள்ளே குடியிருப்பவருக்கு என்ன இடைஞ்சல்? சுவருக்குள்ளே இருந்தால் அளவைப் பார்க்க வேண்டும். கூடத்தின் நடுவிலே துருத்திக்கொண்டு நின்றால்தான் குடியிருக்க முடியாது. உட்சவ்வின் அடியில் முளைத்து முக்கோணத்தை நெருக்கும் கட்டியே கரு பதிவதைக் கெடுப்பது. உட்சவ்விலிருந்தே தொங்கும் மெல்லிய சதை வளர்ச்சியும் உண்டு. அதைப் பாலிப் என்பர்.

இன்னொன்று ஒட்டு. கரு கலைந்தபின்போ பிள்ளைப்பேற்றுக்குப் பின்போ கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும்போது உட்சவ்வின் அடிப்படலம் காயப்பட்டால், முன்சுவரும் பின்சுவரும் ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1948-ஆம் ஆண்டில் ஆஷர்மன் என்னும் மருத்துவர் இதை விரிவாக எழுதியதால் அவர் பெயராலேயே இந்நோய் வழங்குகிறது. மாதவிலக்குக் குறைந்துபோவதே இதன் அடையாளம்.

நம் நாட்டில் ஒட்டுகளுக்கு இன்னொரு பெரிய காரணமும் இருக்கிறது. அது காசநோய். உலகத்துக் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலுக்கு மட்டும் வரும் நோய் என்று நினைக்கிறோம். கிருமி இரத்தத்தின் வழியே சென்று கருக்குழாய்களில் தங்கிவிடுவதுண்டு. அங்கிருந்து கர்ப்பப்பைக்கு இறங்கும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, இளைப்பும் இல்லாமல் இருக்கலாம். குழந்தை இல்லை என்று வந்து பார்க்கும்போதுதான் தெரியும். சிறுமியாக இருந்தபோது வீட்டில் பாட்டனோ தந்தையோ காசநோயால் படுத்திருந்தார்களா என்று செவிலியர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காசு செலவில்லை.

இனிச் சோதனைகளுக்கு வருவோம். ஆனால் அதற்கு முன் ஒரு வார்த்தை, அதையும் ஆண்களுக்காகச் சொல்கிறேன். பந்தலின் ஓரத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும். கணவனின் விந்துப் பரிசோதனை முடியாமல் மனைவிக்கு வலி தரும் எந்தச் சோதனையும் தொடங்கலாகாது. இரண்டு முதல் ஏழு நாள் வரை உறவின்றி இருந்து, ஒரு சிறு கிண்ணத்தில் விந்தைக் கொடுத்தால் சோதனை முடிந்தது. ஊசியில்லை, வலியில்லை, செலவும் அற்பம். ஒரு முறை மூன்று ஊர்களில் மூன்று தடவை கர்ப்பப்பைக்குள் குழல் விட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள் ஒருத்தி. மூன்று சீட்டிலும் ‘குறை ஒன்றும் இல்லை’ என்றே எழுதியிருந்தது. கணவனைச் சோதித்ததற்கு ஒரு சீட்டும் இல்லை. சோதித்தோம், விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை. ஆறு ஆண்டுகள் ஊரார் பேச்சைக் கேட்டவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது தொடங்குவது? “அரச மரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்” என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. அந்த அவசரமும் வேண்டாம். பத்தாண்டு காத்திருப்பதும் வேண்டாம். தடையின்றிச் சேர்ந்து வாழ்ந்து ஓராண்டு கழிந்தால் தொடங்கலாம். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். மாதவிலக்கு ஒழுங்கற்றிருந்தால், முன்பு சுத்தம் செய்திருந்தால், காசநோய் வந்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

முதற் சோதனை ஸ்கேன். காதுக்குக் கேளாத ஒலியை உள்ளே செலுத்தி, அது திரும்பி வருவதைக் கொண்டு படம் வரைவது. 1958-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து இயன் டொனால்டு என்னும் மகப்பேற்று மருத்துவரும் அவருடைய தோழர்களும் வயிற்றுக் கட்டிகளை இம்முறையால் படம்பிடித்துக் காட்டினார்கள். வயிற்றின் மேலே வைத்துப் பார்ப்பதைவிடப் பெண்ணுறுப்பின் வழியே மெல்லிய கருவியை வைத்துப் பார்ப்பது தெளிவானது. கர்ப்பப்பை மிக அருகில் இருப்பதே காரணம். இதற்குத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. சிறுநீர் கழித்துவிட்டே படுக்கலாம். வலி அதிகமில்லை. கூச்சம்தான் உண்டு. உடன் ஒரு பெண் இருக்க வேண்டுமென்று கேட்பது உங்கள் உரிமை. சுவர்க்கட்டிகள், சினைப்பை நீர்க்கட்டிகள், உட்சவ்வின் கனம் ஆகியவற்றை ஸ்கேன் காட்டிவிடும். சிறு பாலிப்பையும் மெல்லிய ஒட்டையும் சில வேளை தவறவிடும். கருக்குழாய் திறந்திருக்கிறதா என்பதைச் சாதாரண ஸ்கேன் சொல்லாது.

கருக்குழாயைச் சோதிப்பதற்குத்தான் நம் ஊரில் ‘டியூப் டெஸ்ட்’ என்று வழங்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே. இதன் முன்னோர் கதை சுவையானது. 1920-இல் நியூயார்க் மருத்துவர் ரூபின் என்பவர் கர்ப்பப்பைக்குள் வாயுவைச் செலுத்திப் பார்க்கும் முறையை வெளியிட்டார். குழாய் திறந்திருந்தால் வாயு வயிற்றுக்குள் போய் உதரவிதானத்தை உறுத்தும். அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்ததும் தோளில் வலி என்பாள். தோள் வலித்தால் குழாய் திறந்திருக்கிறதென்று பொருள்! பல பத்தாண்டுகள் அதுவே வழக்கத்தில் இருந்து பின் மறைந்தது. இன்று செய்வது, கர்ப்பப்பை வாயில் மெல்லிய குழல் வைத்து, எக்ஸ்ரேயில் வெண்மையாகத் தெரியும் மருந்தைச் செலுத்திப் படமெடுப்பது. பத்து நிமிடத்தில் முடியும்.

இதற்கு நாள் கணக்கு முக்கியம். மாதவிலக்கான நாளை முதல் நாளாகக் கொண்டு, இரத்தப்போக்கு முற்றும் நின்றபின், ஆறு முதல் பத்தாம் நாளுக்குள் செய்ய வேண்டும். விலக்கான நாள் முதல் சோதனை முடியும்வரை உறவு கூடாது. அறியாமல் ஒரு கரு உண்டாகியிருந்தால் எக்ஸ்ரே அதன்மேல் படலாகாது. அடிவயிற்றில் வலி, காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருந்தால் அந்த மாதம் ஒத்திவைக்க வேண்டும். இல்லையேல் உள்ளே இருக்கும் சீழை நாமே மேலே தள்ளியவர்களாவோம். அயோடின் மருந்து ஒவ்வாதவர்களும் தைராய்டுத் தொல்லை உள்ளவர்களும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

வலிக்குமா என்று கேட்பீர்கள். வலிக்கும். வலிக்காது என்று சொல்லி அனுப்பிவைப்பதே பெரிய தவறு. மாதவிலக்கு வலியைப் போலச் சில நிமிடம் இழுத்துப் பிடிக்கும். ஒரு மணி நேரம் முன்பாக மருத்துவர் சொல்லும் வலி மாத்திரையைச் சாப்பிட்டால் குறையும். அன்றும் மறுநாளும் சிறிது கறை படலாம். அதற்கு மேல் காய்ச்சலோ கடும் வலியோ வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது அரிதாயினும் அலட்சியத்திற்குரியதன்று. “டியூப் டெஸ்ட் செய்தால் கர்ப்பப்பை கெட்டுவிடும்” என்று ஒரு பேச்சு உலவுகிறது. உண்மை அதற்கு மாறானது. நெதர்லாந்து நாட்டில் 27 ஆஸ்பத்திரிகளில் 1,119 பெண்களிடம் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். எண்ணெய் கலந்த மருந்தைக் கொண்டு இச்சோதனை செய்துகொண்டவர்களுள் ஆறு மாதத்திற்குள் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் கருவுற்றனர். நீர் கலந்த மருந்தைக் கொண்டு செய்தவர்களுள் இருபத்தொன்பது பேர். சோதனையே சிலருக்குச் சிகிச்சையாகவும் ஆயிற்று. ஆயினும் அது குழாய் நோய் இருக்குமென்று ஐயம் இல்லாத பெண்களிடம் கண்ட முடிவு. எல்லோருக்கும் அந்த எண்ணெய் மருந்தே வேண்டுமென்று கேட்கக் கூடாது.

இந்த எக்ஸ்ரே பொய்யும் சொல்லும். பயத்தினாலும் வலியினாலும் குழாயின் வாய் இறுகிக்கொண்டால், திறந்த குழாயும் அடைபட்டதாகவே படத்தில் தோன்றும். ஆகவே, “இரண்டு குழாயும் மேல்மூலையில் அடைப்பு” என்று ஒரு படத்தைக் கொண்டே முடிவு கட்டிவிடலாகாது. மேலும் அது உள்ளிடத்தின் நிழலை மட்டுமே காட்டும். வெளித் தோற்றத்தைக் காட்டாது. தடுப்புச்சுவர் உள்ள கர்ப்பப்பையும் இரட்டைக் கொம்புக் கர்ப்பப்பையும் நிழலில் ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றை உள்ளிருந்தே சரிசெய்யலாம். மற்றதை உள்ளிருந்து வெட்டப் புகுந்தால் கர்ப்பப்பை துளைபட்டுப் போகும். ஆதலின் இந்த ஐயம் வந்தால் முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ. படமோ எடுத்து வெளிவிளிம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறவிக் குறை தெரிந்தால் சிறுநீரகங்களையும் உடன் பார்த்துவிடுவது வழக்கம். இரண்டும் சிசுவில் அருகருகே உருவாகுபவை.

எளிமையான சோதனை ஒன்று இருக்கிறது; எளிமையானது என்பதாலேயோ என்னவோ, பலர் அதைச் சொல்வதில்லை. மெல்லிய குழல் வழியே சிறிதளவு உப்புநீரைக் கர்ப்பப்பைக்குள் விட்டு, அப்போதே ஸ்கேனில் பார்ப்பது. சாதாரணமாக ஒட்டிக்கிடக்கும் இரு சுவர்களும் நீரால் விலகுகின்றன. குளத்தில் நீர் நின்றால் நடுவிலுள்ள பாறை எவ்வளவு துருத்துகிறதென்று தெரிவதுபோல, பாலிப்பும் கட்டியும் கருநிற நீரின் நடுவே வெண்மையாகத் தெரியும். எக்ஸ்ரே இல்லை, மயக்கமும் இல்லை. உள்ளிடத்தை மட்டும் அறிய வேண்டுமானால் பெரும்பாலோருக்கு இதுவே போதும். இதற்கும் அதே நாள் கணக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்லப்படுவது ஹிஸ்டெரோஸ்கோப்பி. கர்ப்பப்பையின் வாய் வழியே, எழுதுகோலைவிட மெல்லிய தொலைநோக்குக் குழலைச் செலுத்தி, உள்ளே உப்புநீர் நிரப்பி நேராகக் கண்ணால் பார்ப்பது. நிழலன்று, நிஜம். 1869-இலேயே பாந்தலேயோனி என்பவர் ஒரு மூதாட்டியின் கர்ப்பப்பைக்குள் குழல் விட்டுப் பார்த்திருக்கிறார். இன்று கருவிகள் மெலிந்துவிட்டன. பார்ப்பதற்கு மட்டும் எனில் பலருக்கு மயக்கம் வேண்டியதில்லை. பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். ஒட்டு இருந்தால் பிரித்துவிடலாம். ஐயம் இருந்தால் உட்சவ்வில் சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பலாம்.

காசநோய் இருக்கிறதா என்பதை அறிய இந்தத் துணுக்கே உதவுகிறது. அதைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கும், நுண்ணோக்கிச் சோதனைக்கும், கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சோதனைக்கும் அனுப்புவர். மரபுப்பொருள் சோதனைகளுள் சில, நோயில்லாதவரிடத்திலும் ‘உண்டு’ என்று சொல்லிவிடுவதுண்டு. ஆகையால் ஒரு சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு மாத மருந்தைத் தொடங்குவதில் நான் உடன்பாடுடையவள் அல்லேன். கண்ணால் கண்டது, படத்தில் கண்டது, நோயின் வரலாறு இவற்றோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். உறுதியானால் தயங்கவும் கூடாது. மருந்து அரசினரின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இலவசம். நோய் தீரும்; ஆனால் தழும்பான கருக்குழாய் மருந்தினால் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால்தான் முன்கூட்டிக் கண்டுபிடிப்பதற்கு இவ்வளவு பாடு.

அப்படியானால் குழந்தை வேண்டிச் சிகிச்சைக்கு வரும் எல்லோருக்கும் ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியதுதான். 2016-இல் இரண்டு பெரிய ஆராய்ச்சிகளின் முடிவு வெளியாயிற்று. நெதர்லாந்தில், ஸ்கேனில் குறையொன்றும் தெரியாத 750 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு முதற் சோதனைக் குழாய் சிகிச்சைக்கு முன் ஹிஸ்டெரோஸ்கோப்பி செய்தார்கள், மற்றவர்களுக்குச் செய்யவில்லை. பதினெட்டு மாதத்திற்குள் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், செய்துகொள்ளாதவர்களில் 54 பேருக்கும் குழந்தை பிறந்தது. பொருட்படுத்தத்தக்க வேறுபாடன்று. இன்னொன்றில், முன்பே இரண்டு முதல் நான்கு முறை சிகிச்சை பலிக்காத 702 பெண்கள். இரு பிரிவிலும் நூற்றுக்கு 29 பேர்தாம் பிள்ளை பெற்றனர். தடுப்புச்சுவரை வெட்டுவதைப் பற்றியும் 2021-இல் ஓர் ஆராய்ச்சி வந்தது. 80 பேரை வைத்தே செய்த சிறிய ஆராய்ச்சிதான். வெட்டியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கும், வெட்டாமல் விட்டவர்களில் 35 பேருக்கும் குழந்தை. வெட்டினால் நன்மை உண்டென்று நாங்கள் பல காலம் நம்பியிருந்தோம்!

இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியது யாது? நல்ல ஸ்கேனில் எல்லாம் ஒழுங்காக இருந்து, மாதவிலக்கும் ஒழுங்காக இருந்து, சுத்தம் செய்த வரலாறும் காசநோய் ஐயமும் இல்லையென்றால், “எதற்கும் ஒரு முறை உள்ளே பார்த்துவிடலாம்” என்று கடன் வாங்கச் சொல்லுகிறவரிடம், “எதற்காக, ஐயா? என்ன ஐயம்?” என்று கேளுங்கள். தகுந்த விடை சொன்னால் செய்துகொள்ளுங்கள். ஐயத்திற்கு இடமிருக்கும்போது பார்க்காமல் விடுவது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறுதான் இடமில்லாதபோது மேலும் மேலும் பார்ப்பதும்.

அந்தப் பதினோரு ஆண்டுப் பெண்ணிடம் ஐயத்திற்கு இடமிருந்தது. முதல் வார்த்தையிலேயே இருந்தது. அவளுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். முக்கோணத்தின் ஒரு பாதி காணோம். குழல் விட்டுப் பார்த்ததில் இடப்பக்கம் முழுதும் ஒட்டிப் போயிருந்தது. இரண்டு முறையாகப் பிரித்துவிட்டோம். துணுக்குச் சோதனையில் காசநோய் இல்லை. மாதவிலக்கு இரண்டு நாளாக மீண்டது. உட்சவ்வு சிறிது தடித்தது. அவ்வளவுதான். அவளுக்கு இன்றுவரை குழந்தை இல்லை. ஒட்டு எவ்வளவு பழையதோ, எவ்வளவு பரந்ததோ, அவ்வளவு கடினம். கருவுற்றாலும் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டென்பதால், பெரிய ஆஸ்பத்திரியில்தான் பேறு பார்க்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயதும் 36 ஆகிவிட்டது. 27 வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அடமானம் வைத்த நிலத்தையும் இன்னும் மீட்கவில்லை. கடைசியாக வந்தபோது மாமியார் வரவில்லை. கணவன் மட்டும் வந்து, படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “இதை எங்கள் அம்மாவுக்குக் காட்ட வேண்டும்” என்றான். கொடுத்தனுப்பினேன்.

சகோதரிகளே, செவிலியர் குறிப்பேட்டில் இத்தகைய ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், முன்பைவிடக் குறைந்ததா, கரு கலைந்ததுண்டா, சுத்தம் செய்ததுண்டா, எந்த ஆண்டில், வீட்டில் காசநோய் உண்டா, கணவன் பரிசோதனை செய்தானா என்று எழுதி, அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து அவள் கையில் கொடுத்தனுப்புங்கள். எக்ஸ்ரே படத்தை மடிக்கக் கூடாது. வெயில் படும் கூரைச் செருகலிலும் வைக்கக் கூடாது. ஊர் மாறி மருத்துவர் மாறினால் பழைய படத்தையும் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் அதே சோதனையை மீண்டும் செய்யச் சொல்வார்கள். சோதனைக் குழாய் சிகிச்சைக்குப் போவதானால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நிலையம் பதிவு பெற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50 வயதும் ஆணுக்கு 21 முதல் 55 வயதும் அச்சட்டம் வகுத்த எல்லை.

இப்போது இரண்டு எக்ஸ்ரே படங்களைச் சுற்றுக்கு விடுகிறேன். பெயரை வெட்டி எடுத்துவிட்டேன். பந்தலின் கிழக்குப் பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அங்கே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒன்றில் முக்கோணம் முழுமையாகத் தெரியும். மேல்மூலைகளிலிருந்து நூல்போல இரண்டு குழாய்கள் இறங்கும். மற்றதில் ஒரு மூலை இல்லை. ஓரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். எல்லோர் முன்னிலையிலும் கேட்கத் தயங்குகிறவர்களுக்காக மாலை ஆறு மணி வரையில் பள்ளிக்கூடத்தின் பின்னறையில் இருப்பேன். கணவரையும் அழைத்து வரலாம்.